மதியச் சோறு மீந்தால் ராத்திரிக்கு ஃப்ரைடு ரைஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதியம் வடித்த சோற்றில் மீதியை வைத்து, கையிலிருக்கும் காயையும் முட்டையையும் போட்டு, குறைந்த செலவில் ராத்திரிச் சாப்பாட்டை முடிப்பதற்கான கேள்விகளும் பதில்களும் இவை. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் அரிசி, பாத்திரம், வெயில் எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதியது. கப் என்பது 200 மில்லி டம்ளர். அந்த டம்ளரில் அமுக்காமல் போட்ட சோறு சுமார் 140 கிராம் இருக்கும்.

மதியம் மீந்த சோறு ராத்திரிக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் அதை முடிவு செய்வது ராத்திரி எட்டு மணிக்கு இல்லை, மதியம் சாப்பிட்டு எழுந்த உடனே. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோற்றை ஆறவைத்து பிரிட்ஜில் ஏற்றிவிட்டால் ராத்திரி உதிரியான, பத்திரமான ஃப்ரைடு ரைஸ் கிடைக்கும். பானையிலேயே மூடி வைத்துவிட்டு இருட்டிய பிறகு யோசித்தால் ருசியும் போகும், வயிற்றுக்கும் ஆகாது. இந்தப் பக்கத்தில் கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.

எப்படி ஆறவைத்து எடுத்து வைப்பது?

எச்சில் படாத, குழம்பு படாத சோற்றை ஈரமில்லாத கரண்டியால் அகலமான தாம்பாளத்தில் எடுங்கள். விரல் தடிமனுக்கு மேல் குவிக்காமல் பரத்தி, ஃபேன் காற்றில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். நடுவில் ஒரு தடவை சட்டுவத்தால் புரட்டிவிட வேண்டும். கையை மேலே பிடித்தால் ஆவி தெரியக் கூடாது; அப்போதுதான் டப்பாவில் போட்டு மூடி பிரிட்ஜில் வைக்கலாம். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றிலேயே சொட்டும். ராத்திரி சட்டியில் சோறு கட்டிகட்டியாக நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பானையோடு அப்படியே பிரிட்ஜில் வைப்பதும் சரியில்லை. மேல்சோறு சில்லென்று இருந்தாலும் நடுச்சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். கெடுவது அங்கேதான் தொடங்கும்.

சோறு நல்ல வாசனையாகத்தான் இருக்கிறது. நல்ல சூட்டில் வறுத்தால் கிருமி செத்துவிடாதா?

கிருமி சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும் கொதியையும் அவை தாங்கிக்கொள்ளும். சோறு 5 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். அது வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அழியாது. நிறமோ வாடையோ காட்டிக் கொடுக்காது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, சமைத்த சோறு வெளியே இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். பாளையங்கோட்டையில் சித்திரை வைகாசி எப்படி இருக்கும் என்று தெரியும். ஆகவே நம் ஊருக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு வடித்து ஏழெட்டு மணி நேரம் அடுப்படியில் கிடந்த சோற்றை ஃப்ரைடு ரைஸ் ஆக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்? கரண்ட் போனால்?

அன்று ராத்திரி அல்லது மறுநாள் மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போனால் அந்தச் சோற்றை நம்ப வேண்டாம்.

நிறைய மீந்தால் ஃப்ரீசர் நல்லது. மூன்று கப் வீதம் பையில் போட்டுத் தட்டையாக அமுக்கி வையுங்கள். சமைப்பதற்குக் காலையிலேயே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். வெளியே வைத்து உருக விடக் கூடாது.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. என்ன செய்வது?

மீந்ததை வைத்துச் செய்யாமல், சாயங்காலம் இதற்கென்றே கொஞ்சம் அரிசி போடுங்கள். முக்காலே மூணு வீசம் வெந்த பதத்தில் இறக்க வேண்டும்: ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் மாவாகாமல் இரண்டு மூன்று துண்டாக உடையணும். உடனே கஞ்சியை வடித்து, தாம்பாளத்தில் பரத்தி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தெளித்து, ஃபேனுக்குக் கீழே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்டால் மேல் ஈரம் காய்ந்துவிடும். பிரிட்ஜ் சோற்றுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வரும். மதியம் மீந்ததற்குப் பழையது இருக்கிறது.

தண்ணி ஊற்றி வைத்த பழைய சோற்றைப் பிழிந்து செய்யலாமா?

வேண்டாம். பருக்கை தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். எவ்வளவு பிழிந்தாலும் சட்டியில் நீர் விட்டுக்கொண்டே இருக்கும், சோறு வறுபடாமல் அவியும். புளிப்பும் சோயா சாஸோடு ஒட்டாது. பழையதை மோரும் உப்பும் போட்டு, சின்ன உள்ளியோ வறுத்த மோர் மிளகாயோ கடித்துக்கொண்டு காலையில் சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

எந்த அரிசிச் சோறு நன்றாக வரும்? பாஸ்மதி வேண்டுமா?

வேண்டியதில்லை. புழுங்கல் அரிசியே இதற்கு நல்ல அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்த பிறகு குத்துவதால் அதன் மாவுச்சத்து ஒருமுறை இளகி இறுகிவிடுகிறது. சோறு பசை விடுவது குறைவு. அதிலும் வடித்த சோறாக இருந்தால் ஒட்டுகிற மாவெல்லாம் கஞ்சித்தண்ணியோடு போய்விடும். குக்கரில் வைத்தால் அந்த மாவு முழுக்கச் சோற்றிலேயே தங்கிவிடும். குக்கர்ச் சோறு மீந்தால் ஃப்ரைடு ரைஸ் கொஞ்சம் கொழகொழப்பாக இருப்பது அதனால்தான். குக்கர்தான் வழக்கம் என்றால், மீதம் வைக்க நினைக்கும் நாளில் தண்ணீரைக் கால் கப் குறைத்து வையுங்கள்.

பொன்னிப் புழுங்கல் உதிரியாக வரும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 குட்டையான, தடித்த அரிசி. அதன் சோறு நன்றாக ஆறினால் மெல்லுவதற்குத் திடமாக, கடையில் சாப்பிடுவதை விட வயிறு நிறைக்கிற ஃப்ரைடு ரைஸ் தரும். ஆனால் குழைய விட்டால் மீட்க முடியாது. பச்சரிசிச் சோறு ஒட்டும். அதை எலுமிச்சைச் சோற்றுக்கோ தயிர்ச் சோற்றுக்கோ ஒதுக்குங்கள். செங்கோட்டைப் பக்கம் சாப்பிடும் சிவப்பு மட்டை அரிசியும் பிரமாதமாக உதிரும், நிறம் மட்டும் வேறாக இருக்கும்.

ரேஷன் அரிசியில் செய்தால் வாடை வருமே?

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இந்தச் சாப்பாட்டின் செலவு குறைவதற்குப் பெரிய காரணமே அதுதான். வாடை இருந்தால் நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். பெருமளவு குறைந்துவிடும். மிச்சத்தைப் பூண்டும் மிளகும் பார்த்துக்கொள்ளும். புழுங்கலையே வாங்குங்கள்.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு? செலவு என்ன ஆகும்?

இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு கப் சோறு. இது இரண்டு கப் அரிசியில் வருவது. நாலு முட்டை, பல்லாரி (பெரிய வெங்காயம்) இரண்டு, பூண்டு பன்னிரண்டு பல், பச்சைமிளகாய் நாலு, ஒரு கேரட், பத்துப் பன்னிரண்டு பீன்ஸ், ஒரு கப் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், கடலை எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி, சோயா சாஸ் மூன்று தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டிக்குள். குடைமிளகாய் மலிவான நாளில் வாங்கினால் போதும். வெங்காயத்தாள் கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்றால் நாலுக்கு 28, காய் 15 முதல் 20, எண்ணெய் 9 அல்லது 10, சாஸும் மிளகும் ஐந்து ரூபாய்; எல்லாம் சேர்ந்து சுமார் 60. விலை நாளுக்கு நாள் மாறினாலும் இந்தப் பங்கு பெரிதாக மாறாது. அதிகச் செலவு முட்டையில்தான்; இரண்டாகக் குறைத்துக் கோஸைக் கூட்டினாலும் கெட்டுப்போகாது. டவுன் போஸ் மார்க்கெட்டிலோ பாவூர்சத்திரம் சந்தையிலோ வாங்குகிறவர்களுக்குக் காய்ச் செலவு இன்னும் குறையும்.

செய்முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதலில் எல்லாவற்றையும் நறுக்கி அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டி சூடேறிய பிறகு வெங்காயம் நறுக்க நேரம் கிடையாது. அடுப்பு வேலை ஒரு தடவைக்கு ஆறேழு நிமிடம்தான். பீன்ஸையும் கேரட்டையும் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கினால் தனியாக அவிக்க வேண்டியதில்லை. கழுவிய காயைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள்.

பிரிட்ஜ் சோற்றை அடுப்பு பற்றவைப்பதற்குச் சற்று முன்பு எடுத்து, கையில் சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். கரண்டியால் குத்திப் பிரிக்க வேண்டாம், பருக்கை உடையும்.

ஆறு கப்பையும் ஒரே தடவையில் போடக் கூடாது. மூன்று மூன்று கப்பாக இரண்டு ஈடு. வீட்டு அடுப்பின் தீ, கடை அடுப்பின் தீக்குப் பக்கத்தில் வராது. நிறையச் சோறு விழுந்தால் சட்டியின் சூடு இறங்கி, ஆவி வெளியேற இடமில்லாமல் சோறு அவிந்துபோகும்.

ஒரு ஈட்டுக்கு: இருப்புச்சட்டியைப் பெரிய தீயில் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடி மறைய வேண்டும். அரை மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு, சிட்டிகை உப்புப் போட்டு அடித்த இரண்டு முட்டையை ஊற்றி, முக்கால் பதம் வெந்ததும் பெரிய துண்டுகளாக்கித் தட்டில் எடுத்துவிடுங்கள். சட்டியில் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, நசுக்கிய பூண்டு ஆறு பல், கீறிய மிளகாய், நறுக்கிய பல்லாரி ஒன்று. பூண்டு பொன்னிறத்துக்குப் போகும் முன்பே, வாசனை எழும்பிய உடனே பீன்ஸ், கேரட் போட்டு ஒன்றரை நிமிடம் கிளறுங்கள். கோஸை அரை நிமிடம் மட்டும். எதையும் மூடி போட்டு வேகவைக்காதீர்கள்.

இப்போது சோறு. போட்டதும் கிளறாதீர்கள், சட்டி முழுக்கப் பரத்தி முப்பது நொடி விடுங்கள். அடிச்சோறு சூட்டில் படபடவென்று லேசாக வெடிக்கும் சத்தம் கேட்கும். அப்போது சட்டுவத்தை அடியில் கொடுத்துப் புரட்டி, மறுபடி பரத்தி முப்பது நொடி. இப்படி மூன்று நாலு தடவை செய்தால் ஒவ்வொரு பருக்கையும் சூடேறி, கறியைச் சுட்டதுபோல் ஒரு மணம் வரும். உப்பையும் மிளகையும் அப்போது தூவுங்கள். சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டியைச் சோற்றின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் சுற்றிவிடுங்கள். சூட்டுச் சட்டியில் பட்டதும் நீர் சுண்டி மணம் மட்டும் சோற்றுக்கு ஏறும். முட்டையைச் சேர்த்து, வினிகர் அரைத் தேக்கரண்டி விட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். சட்டியைத் துடைத்துவிட்டு அடுத்த ஈடு.

குழைஞ்சு உப்புமா மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

சோறு முழுதாக ஆறாமல் இருந்திருக்கும், இல்லை சட்டி காயாமல் இருந்திருக்கும், இல்லை ஒரே ஈட்டில் கொட்டியிருப்பீர்கள். காயின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பாதி வழியில் கண்டுபிடித்தால், கிளறுவதை நிறுத்தி, பாதியைத் தட்டில் எடுத்துவிட்டு, மீதியைப் பரத்திப் பெரிய தீயில் ஒரு நிமிடம் விடுங்கள். முதலிலேயே குழைய வெந்த சோறு என்றால் வழியில்லை. அதைப் பருப்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிடுவது மேல்.

நேர் எதிராக, சோறு விறைத்துக் கடினமாக இருக்கிறதே?

பிரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் சோறு விறைக்கும். உதிரியாக வருவதற்கும் அதுவே காரணம். திரும்ப நன்றாகச் சூடேறினால் இளகிவிடும். இளகவில்லை என்றால் சோறு நடுவரை சூடாகவில்லை என்று அர்த்தம். ஒரு மேஜைக்கரண்டி தண்ணீரை மேலே தெளித்து, இருபது நொடி மூடி, திறந்து வறுங்கள். உள்ளே முழுக்க ஆவி பறக்கச் சூடாக வேண்டும்; பத்திரத்துக்கும் அதுதான் நல்லது.

மதியத் துவட்டல் (பொரியல்), கூட்டு, அவியலைச் சேர்க்கலாமா?

தேங்காய் போடாத துவட்டலைத் தாராளமாகச் சேர்க்கலாம்: பீன்ஸ், கோஸ், கேரட், சீனிஅவரைக்காய் (கொத்தவரங்காய்). மதியமே பிரிட்ஜில் வைத்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெந்ததால் சோறு வறுபட்ட பிறகு, கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள். அதிலுள்ள உப்புக்கும் கடுகு உளுந்துக்கும் தகுந்தபடி மற்றதைக் குறையுங்கள். தேங்காய்ப்பூ தூவியது சீக்கிரம் கெடும், சட்டியில் எளிதில் கருகும், அதனால் தவிர்க்கலாம். கூட்டு, அவியல், சொதி எதுவும் ஆகாது. வெண்டைக்காயும் வேண்டாம்.

கறி, மீன் மீந்திருந்தால்?

கோழி, ஆட்டுக்கறித் துண்டுகளைக் குழம்பிலிருந்து எடுத்து, எலும்பு நீக்கிப் பிய்த்து, வெங்காயத்தோடு சேர்த்து இரண்டு நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். சால்னா இருந்தால் ஈட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி மட்டும் சட்டியில் ஊற்றிச் சுண்டவிட்டு, அதன் மேல் சோற்றைப் போடுங்கள். அன்றைக்கு சோயா சாஸ் தேவையில்லை. கொத்து பரோட்டாவின் ருசி சோற்றில் இறங்கும். பொரித்த மீனை முள் எடுத்து, கடைசியில் உடையாமல் புரட்ட வேண்டும். மீன் குழம்பில் ஊறிய துண்டு வேண்டாம்.

சாஸ் எதுவும் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், நன்றாகவும் இருக்கும். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, இரண்டு வத்தல், நிறையக் கறிவேப்பிலை தாளித்து, பூண்டை இரண்டு மடங்காக்கி, மிளகை ஈட்டுக்கு ஒன்றேகால் தேக்கரண்டியாகக் கூட்டுங்கள். வினிகருக்குப் பதிலாக அடுப்பை அணைத்த பிறகு ஐந்தாறு சொட்டு எலுமிச்சை. சாறு நிறைய உள்ள புளியங்குடிப் பழம் என்றால் அரைமூடி கூடத் தேவைப்படாது. தீயில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

உப்பு கூடிவிடுகிறது, நிறமும் கறுத்துவிடுகிறது.

ஒரு தேக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு இருக்கிறது. அதை மறந்து வழக்கமான அளவு உப்பைப் போடுவதால் கூடுகிறது. மூன்று கப் சோற்றுக்கு, முட்டைக்குப் போட்டது உட்பட, முக்கால் தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள். சோறு வடிக்கும்போதே உப்புப் போடுகிற வீடுகளில் கால் தேக்கரண்டி போதும். நிறம் கறுத்தால் சாஸ் அதிகம், இல்லையென்றால் அடர்ந்த வகைச் சாஸ். நிறத்துக்காகச் சாஸை ஊற்ற வேண்டாம்.

நான்ஸ்டிக் சட்டி போதுமா? தோசைக்கல்லில் செய்யலாமா?

நான்ஸ்டிக்கைப் பெரிய தீயில் வெறுமனே காயவைக்கக் கூடாது, பூச்சு கெடும். நடுத்தரத் தீயில், ஒரு ஈட்டுக்கு இரண்டு கப்போடு நிறுத்தினால் செய்யலாம்; மணம் குறைவாகத்தான் இருக்கும். பெரிய இரும்புத் தோசைக்கல் அதை விட நல்லது. பரப்பு அதிகம் என்பதால் ஈரம் சட்டென்று போகும். கொத்து பரோட்டா மாஸ்டர் செய்வதுபோல் சட்டுவம் இரண்டைக் கையில் வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால் சிந்தாது.

கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு மீந்தால் இப்படிச் செய்யலாமா?

கூடாது. இரண்டிலும் பருப்பும் தேங்காயும் சேர்ந்து குழைந்திருக்கும், உதிராது. அவை அன்றைக்கே தீர வேண்டியவை.

தொட்டுக்கொள்ள என்ன?

பல்லாரியையும் வெள்ளரிக்காயையும் நறுக்கித் தயிரில் போட்ட பச்சடி போதும். தக்காளிச் சாஸை விட எள்ளுத் துவையல் நன்றாகச் சேரும்.

செய்த ஃப்ரைடு ரைஸே மீந்துவிட்டால், காலையில் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கட்டலாமா?

கட்டாதீர்கள். ஒருமுறை ஆறி, குளிர்ந்து, சூடான சோறு அது. மறுபடி ஆறி, மறுபடி சூடாகி, மதியம் வரை மூடிய டப்பாவில் வெதுவெதுப்பாகக் கிடப்பதற்கு ஏற்றதில்லை. எத்தனை பேர் சாப்பிட உட்காருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இரண்டாவது ஈட்டைப் போடுங்கள். வறுக்காத சோறு பிரிட்ஜிலேயே இருக்கட்டும், மறுநாள் மதியத்துக்குள் அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.